தேரி மணலும் பாட்டில் துண்டும்

திசையன்விளை
ஆடி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததா? இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது. காலையில் பெருக்கிய முற்றத்தில் சாயங்காலம் செம்மணல் படிந்து கிடக்கிறது.

போன வாரம் பனைவிளைக்குக் கல்தூண் ஏற்றிப் போன லோடு ஆட்டோ பாதி வழியில் புதைந்துவிட்டது. பனையோலையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத்தான் மேலே ஏற்றினோம். கூட வந்த அக்கா மகன் (சிவில் படிக்கிறான்) சிரித்தான். "மாமா, என் புராஜெக்டும் கிட்டத்தட்ட இதுதான்!"

தண்ணீர் பாட்டிலைச் சின்னச் சின்னப் பட்டையாக நறுக்கித் தேரி மணலில், அதாவது இந்தச் செம்மணல் மேட்டு மணலில், கலக்கிறானாம். காய்ந்த மணலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளக் களிமண் கிடையாது. பாரம் ஏறினால் பக்கவாட்டில் நழுவும். நடுவே பட்டை கிடந்தால், நழுவப் பார்க்கிற மணலை அது உரசி இழுத்துப் பிடிக்கும். மணலைப் பெட்டியில் அடைத்து, மேல்பாதியைத் தள்ளிப் பார்த்துச் சோதிக்கிறார்கள். எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதற்கும் குறைவாகவே கலக்கிறான். அள்ளிப் போட்டால் பட்டையும் பட்டையும் வழுக்கி, பலம் குறைந்துவிடுமாம். நம் தாத்தாக்கள் மண்சுவருக்கு வைக்கோல் மிதித்துக் குழைத்ததும் இதே கணக்குத்தான். மண்ணுக்குள் உலோகப் பட்டைகளை வரிசையாக வைத்துத் தடுப்புச்சுவர் எழுப்பும் முறைக்கு 1960களில் பிரான்சின் ஆன்ரி விடால் காப்புரிமையே வாங்கினார்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வாசுதேவனுக்குப் பிளாஸ்டிக் ரோட்டுக்காக 2018இல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அது வேறு சங்கதி. அவர் முறையில் பிளாஸ்டிக் சூடான ஜல்லியின் மேல் உருகி ஒட்டும், அதன்மேல் தார். இவனுடையது ரோட்டுக்கு அடியில் கிடக்கிற மணலுக்கு.

எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. தேரி ஒரு இடத்தில் நிற்கிற மண்ணா? காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போனால் பட்டை வெளியே வரும், வெயிலில் நொறுங்கித் துகளாகும், ஆடு மேயும். வண்டிப்பாதைக்கு அடியில் போட்டு, மேலே சரள் பரப்பி இறுக்கினால் சரி. பனைவிளைக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே பனைநாரைக் கலந்து பாரேன் என்றேன். "அது மக்கிரும் மாமா" என்றான். மக்கட்டுமே! வருஷா வருஷம் போட நமக்கு நாருக்கா பஞ்சம்?

அப்புறம், அக்கா உனக்குக் கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள். ஐப்பசியில் வரும்போது ரயிலில் குடித்த பாட்டிலை எறிந்துவிடாதே. பயல் ஒரு சாக்கு நிறையக் கேட்கிறான். உவரிக் கடற்கரையில் பொறுக்கியது பாதிதான் தேறியது.

இப்படிக்கு,
உன் கூட்டாளி