அந்தக் கொளுக்கியை முதலில் பார்

மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாமல் இருந்தது என் பிழைதான். இங்கே எல்லோரும் சுகம், சின்னவள் ஏ.எல். படிக்கிறாள். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது, ஆனையிறவில் என் ஹைலக்ஸின் பொனற் சடாரென்று எழும்பி முன்கண்ணாடியில் அடித்தது. வீதியே தெரியவில்லை. பிணைச்சல் பக்கம் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது, அதற்குள்ளால் குனிந்து பார்த்துப் பார்த்து, பிரேக்கை மெல்ல மிதித்துக் கரையில் நிறுத்தினேன். பக்கத்தில் மகன் இருந்தான் மச்சான். இரண்டு நாள் நித்திரை இல்லை.

பரந்தனில் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டபின் நான்தான் பொனற்றைச் சாத்தினேன், சத்தமும் கேட்டது. ஆனால் இழுக்கும் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியதால் லொக் முழுதாகப் பிடிக்கவில்லை. அது விட்டாலும் தாங்கத்தானே இரண்டாவது கொளுக்கி இருக்கிறது? அதன் ஸ்பிரிங்கை உப்புக்காற்று தின்று, கொளுக்கி ஒரு பக்கம் சரிந்து அசையாமல் நின்றது. உன்னுடையதும் 1994 வண்டி, அதுதான் எழுதுகிறேன்.

பொனற்றைத் திறந்து வைத்தபடி லொக்கின் நாக்கை ஸ்குரூ டிரைவரால் கீழே அமத்து, 'டக்' என்று பிடிக்கும். பிறகு உள்ளே பிடியை இழு, நாக்கு துள்ளி எழும்ப வேண்டும், பிடியும் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். கொளுக்கியை விரலால் தள்ளிவிடு, தானாகத் திரும்பாவிட்டால் மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் போடு. அப்பவும் வராவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றாமல் வண்டியை எடுக்காதே.

அப்புறம், தொங்கிப்போய் அடித்தால்தான் சாத்துப்படுகிற உன் கதவு. அந்தக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரின் கதவை அடித்துச் சாத்தி ஐயாவிடம் வாங்கிய பேச்சு உனக்கு இன்னும் போதவில்லை போல! லொக்கை மாற்றச் சொன்னவனின் பேச்சைக் கேளாதே. கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார். பிணைச்சலில் ஆட்டம் இருந்தால் தேய்ந்தது அதன் அச்சாணியும் புஷ்ஷும்தான், சின்னச் செலவு. அதை விட்டுவிட்டு லொக் விழும் கொண்டியை இறக்கி வைத்தால் கதவு சாத்துப்படும், ஆனால் தொங்கல் கூடிக்கொண்டே போகும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் கம்பியால் குத்திவிடு, செம்மண் அடைத்தால் உள்ளிருந்தே உக்கும்.

பின்பெட்டிக் கதவின் லொக் ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது என்றாயே, உள்தகட்டைக் கழற்றிப் பார். பிடியிலிருந்து இரு பக்கமும் போகும் கம்பிகளில் ஒன்றின் பிளாஸ்ரிக் கிளிப் உடைந்திருக்கும். அது ஆறுதலாகச் செய்யலாம்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வவுனியாவிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறாய். வெளிக்கிட முன் கொளுக்கியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு.