ஈரத் தாள்களுக்கு இடம் கொடுத்தவருக்கு

அன்பு நண்பர்களே,

என் நூலுக்காகச் சேர்த்த தாள்கள் பிழைத்துவிட்டன. கடைசிக் கட்டும் நேற்று மாலை காய்ந்துவிட்டது. அவற்றை நனைத்த தண்ணீரைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. அன்று காலை முதல் என்னோடு நின்றவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஆனாலும் இந்த நன்றியை ஆறப்போட விருப்பமில்லை.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையோடு பறந்த போர்விமானப் பிரிவான 303ஆம் போலந்து ஸ்குவாட்ரன் பற்றி நான் சேர்த்த குறிப்புகளும் ஒளிநகல்களும் முழுவதும் நனைந்து கிடந்தபோது, ஆவணக் காப்பாளர் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார்: "உடனே உறையவையுங்கள். பூஞ்சணம் பிடிக்காது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவிடலாம்." எங்கள் வீட்டு ஃபிரீசரில் இரண்டு கட்டுக்கு மேல் இடமில்லை. தெருமுனை மீன்கடை அண்ணனிடம் ஐஸ் பெட்டி இரவல் கேட்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை. வார இறுதி வியாபாரத்துக்குச் சரக்கு வந்து இறங்கியிருந்த நேரம். நான் சொன்னதைக் கேட்டவர் பதில் சொல்லவில்லை. பின்னறைக்குப் போய்ப் பெரிய ஃபிரீசரைத் திறந்து அறக்குளாவையும் கணவாயையும் வெளியே எடுத்து அடுக்கத் தொடங்கினார். முன்னால் இடம் போதாத மீனை அன்றைக்கே பாதி விலைக்குப் போட்டார். வெந்நீர் விட்டு உட்புறத்தைக் கழுவித் துடைத்து, புதுப் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, ஒவ்வொரு கட்டையும் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் என்னிடமிருந்து வாங்கி உள்ளே வைத்தார்.

மேலே இருந்த ஒரு தாளில் பல பேருடைய கையெழுத்து. "இது யார் எழுதியது?" என்று கேட்டார். ஸ்குவாட்ரனின் விமானி மிரோஸ்வாஃப் ஃபெரிச் தொடங்கிய நாட்குறிப்பின் நகல் அது. 1939இல் போலந்து வீழ்ந்தபோது ருமேனியா வழியாகத் தப்பி, பிரான்சுக்குப் போய், அதுவும் விழுந்த பின் இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் ஃபெரிச். சக விமானிகளை விடாமல் நச்சரித்து அதில் எழுதவைத்தவர். 1942 பெப்ரவரி 14 அன்று லண்டன் அருகே நோர்த்தோல்ட் விமானத் தளத்தின் மேலே அவருடைய ஸ்பிட்ஃபயர் போர்விமானம் வானிலேயே சிதைந்து, அவர் உயிரிழந்தார். நாட்குறிப்பு நிற்கவில்லை, மற்றவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். எனக்கு அந்த ஸ்குவாட்ரனின் எந்த வெற்றியையும்விட இதுதான் பெரிது.

வெற்றிகளையும் சொன்னேன். 1940 ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறப்பின்போது அணியை விட்டு விலகி ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்திய லுட்விக் பஷ்கியேவிச். மறுநாளே போருக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன். ஆறே வாரங்களில் 126 விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவான கணக்கு. பிற்கால ஆய்வாளர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள், ஆனால் ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டிய பிரிவுகளில் அவர்களுக்கு மேல் அப்போது எவரும் கணக்குக் காட்டவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"சண்டை முடிந்த பிறகு ஊருக்குப் போனார்களா, தம்பி?"

முல்லைத்தீவில் கடல் தொழில் செய்தவர் அவர். அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. யால்டா மாநாட்டில் பெரிய நாடுகள் போலந்தைச் சோவியத் செல்வாக்குக்குள் விட்ட முடிவைச் சொன்னேன். 1945 ஜூலையில் பிரிட்டன் வார்சாவில் அமைந்த சோவியத் ஆதரவு அரசை அங்கீகரித்ததையும், 1946 ஜூன் 8 லண்டன் வெற்றி அணிவகுப்புக்கு முதலில் விமானப்படையினர் சிலரை மட்டும் அழைத்தபோது மற்றப் போலந்துத் தோழர்களை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்ததையும் சொன்னேன். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்குவாட்ரனே கலைக்கப்பட்டது. முதல் போலந்துத் தளபதி கிராஸ்னொடெம்ப்ஸ்கி 1940இல் விமானத்தோடு எரிந்து உயிர் தப்பியவர். கடைசிக் காலம் கனடாவில். அவருக்குப் பின் தளபதியான உர்பனோவிச் ஊர் திரும்பிப் பார்த்தார், கைது செய்தார்கள். பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

"ம்" என்று மட்டும் சொல்லி மூடியைச் சாத்தினார். காசு பற்றிப் பேச்செடுத்தபோது கோபப்பட்டார். கட்டுகள் அங்கே இருந்தவரை, நான் போகும் போதெல்லாம் வெப்பநிலையைக் காட்டி, "பழுதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் இங்கே எழுதவில்லை.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றுத்தாள் வாங்கி வந்தவர்கள், மின்விசிறி கொடுத்த அயலவர்கள், எனக்கு முன்பு அனுப்பிய படங்களை மறுபடி தேடி அனுப்பியவர்கள், இரவெல்லாம் தாள் தாளாகப் பிரித்த மருமக்கள், போலந்து விமானிகள் சிலர் புதைக்கப்பட்ட நோர்த்வுட் கல்லறைக்குப் போய் எழுத்து அழிந்துபோன குறிப்புகளை நடுகற்களிலிருந்து மீண்டும் எழுதி வந்த மாணவிகள்: உங்கள் ஒவ்வொருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

நூலை 1940 அக்டோபர் 11உடன், அவர்கள் ஓய்வுக்காக நோர்த்தோல்ட்டை விட்டுப் போகும் நாளுடன், முடிப்பதாகத் திட்டமிட்டிருந்தேன். இனி அப்படி முடிக்கமாட்டேன். அந்த ஸ்குவாட்ரனில் பறந்து உயிரோடு மிஞ்சிய ஒவ்வொருவரும் போருக்குப் பின் எந்த நாட்டில் குடியேறினார், என்ன வேலை பார்த்தார், ஊரை மறுபடி பார்த்தாரா என்று தேடி எழுதிய பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பேன். முதல் பிரதி மீன்கடைக்குப் போகும்.