கேமராவால் பார்க்க முடியாதபோது உரக்கச் சொல்லாத கார்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: தடம் காக்கும் வசதி தவறான கோட்டைப் பின்பற்றியது தொடர்பாக

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் கார் ஒன்றை ஓராண்டாக ஓட்டி வருகிறேன். கேமராவால் சாலைக் கோடுகளைப் பார்த்து, கார் தடம் விலகாதபடி ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும் 'தடம் காக்கும் வசதி' அதில் உண்டு. சென்ற வாரம் மாலையில் மழை விட்ட கையோடு நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். வெயில் நேர் எதிரே தாழ்ந்திருந்தது, ஈரச் சாலை கண்ணாடி போல் மின்னியது. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். சாலைப் பணி நடந்த இடம் அது. பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வரைந்திருந்தார்கள். சுரண்டிய தடம் அந்த வெளிச்சத்தில் புதுக் கோட்டைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அந்த வசதி அதையே கோடு என்று பின்பற்ற, ஸ்டீயரிங் தானாக மெல்ல இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் பிடித்து இழுத்திராவிட்டால் பக்கத்துத் தடத்தில் வந்த லாரியோடு உரசியிருக்கும். பின் இருக்கையில் என் அம்மா இருந்தார்.

அதற்குப் பிறகுதான் திரையில் பச்சையாக இருந்த அந்த வசதியின் சின்னம் சாம்பல் நிறமானது. 'கேமரா பார்வை மறைந்துள்ளது' என்று சிறு எழுத்தில் ஒரு வரி. ஒலித்த மணி, ஏசி விசிறியின் சத்தத்தில் கேட்டும் கேட்காமலும் போனது. அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது.

சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, "பழுது எதுவும் இல்லை சார், எல்லாம் சரியாக வேலை செய்கிறது" என்றார்கள். அதை நானும் நம்புகிறேன். எதிர்வெயில், பனிமூட்டம், கண்ணாடியில் படிந்த சேறு, தேய்ந்த கோடுகள் ஆகியவற்றில் கேமரா தடுமாறும் என்று காரோடு வந்த கையேடே சொல்கிறது, எங்கோ உள்பக்கத்தில். ஆனால் விற்றபோது ஷோரூமில் எனக்குச் சொன்னது, "நீங்க கொஞ்சம் அசந்தாலும் வண்டி பார்த்துக்கும்" என்பது. இது ஓட்டுநருக்கான உதவி மட்டுமே. முழு நேரமும் ஓட்டுநரே சாலையைக் கவனித்தாக வேண்டும். இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. என் கோபமெல்லாம் இதில்தான்.

இன்னொன்று. மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் சர்வீஸ் சென்டரில்தான் முன்கண்ணாடியை மாற்றினேன். கேமரா அதன் பின்னால் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் கோணம் பக்கவாட்டில் ஒரு டிகிரி பிசகினாலும், 50 மீட்டர் தொலைவில் உள்ள கோட்டின் இடத்தை அது ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் தள்ளிக் கணிக்கும். கண்ணாடி மாற்றியபின் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்தார்களா, அதாவது அதன் கோணத்தைச் சரிபார்த்துச் சீராக்கினார்களா? பில்லில் அப்படி எந்த வரியும் இல்லை.

அளவுதிருத்தம் செய்ததற்கான பதிவை எழுத்தில் தாருங்கள். செய்யவில்லை என்றால் கட்டணமின்றிச் செய்து தாருங்கள். கேமராவால் பார்க்க முடியாதபோது காதில் விழும்படி எச்சரிக்கும் மாற்றத்தை மென்பொருளில் கொண்டுவாருங்கள். கார் ஒப்படைக்கும் நாளில், இந்த வசதி எங்கெல்லாம் கைவிடும் என்பதை வாங்குபவருக்கு நேரில் விளக்கச் சொல்லுங்கள். பதினைந்து நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை அந்த வசதியை அணைத்து வைத்தே ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்