டின் பூசணியும் நம் வீட்டு அடுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், டின்னில் அடைத்து வரும் பூசணி விழுதைக் கொண்டு இனிப்பும் காரமும் சமைப்பது பற்றி வெளிவந்த பக்கத்தைப் படித்தேன். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், விடுப்பில் வரும்போது பால் பவுடர், பாதாம், பேரீச்சம்பழத்தோடு இந்த டின்களும் பெட்டியில் வந்துவிடுகின்றன. வந்தவற்றில் பெரும்பாலானவை, என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியின் மேல்தட்டிலேயே இருந்து காலாவதியாகின்றன. அந்த வகையில் தாங்கள் ஒரு முழுப் பக்கத்தை இதற்கு ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. ஆயினும் அதில் உள்ள குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் டின்னோடு நெய்யும் பருப்பும் சேர்ந்து வீணாகும் என்பதையும், விழுதை வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து வைக்கலாம் என்று பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி வெளியிட்டிருந்த யோசனை உயிருக்கே கேடானது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அளவு. எல்லாக் குறிப்புகளிலும் ‘பூசணி 1 டின்’ என்று மட்டும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சிறிய டின் 425 கிராம். பெரியது 822 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரிசியையும் பருப்பையும் ஆழாக்குக் கணக்கில் துல்லியமாகச் சொல்லிவிட்டு, மாவின் பதத்தையே மாற்றிவிடக் கூடிய பொருளை இப்படிப் பொத்தாம்பொதுவாக விட்டால் அடை ஒருவர் வீட்டில் வார்க்க வரும், அடுத்த வீட்டில் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியமானது எந்த டின் என்பது. பூசணி மட்டுமே உள்ள டின் ஒன்று. சர்க்கரையும் பட்டை, கிராம்பு, சுக்கு போன்ற மசாலாவும் கலந்து, ‘பை’ என்ற அமெரிக்க இனிப்புக்கென்றே தயாரித்த டின் இன்னொன்று. இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே படத்தோடு இருக்கும். அந்த நாட்டில் நவம்பர் மாதத்து நன்றி நவிலல் விருந்துக்கு இந்த இனிப்பு தவறாமல் வேண்டும் என்பதால், அங்குள்ளவர்கள் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவார்கள். நம்மவர்கள் அவசரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தது எது என்று டின்னின் முதுகைத் திருப்பி, உட்பொருள் பட்டியலைப் படித்தால்தான் தெரியும். அதில் பூசணி தவிர வேறெதுவும் இல்லையென்றால், அல்லது உப்பு மட்டும் இருந்தால், காரத்துக்கும் இனிப்புக்கும் அதுவே போதும். சர்க்கரை இருந்தால் அதைப் பணியாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மிளகாயும் பெருங்காயமும் சேரும் எதிலும் ஊற்றக் கூடாது.

உள்ளே இருப்பது நமக்கு அந்நியமான காய் அன்று. அமெரிக்காவில் டின்னில் அடைபடும் பூசணியின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில், குறிப்பாக மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றி, விளைகிறது. டிக்கின்சன் என்னும் அந்த ரகம், நம் சந்தைப் பரங்கிக்காய் சேர்ந்த ‘குக்குர்பிட்டா மாஸ்கேட்டா’ என்ற இனத்தையே சேர்ந்தது. கண், மூக்கு செதுக்கி விளக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் காய் வேறு. ஆகவே சுவையில் நம் நாக்குக்குப் புதிதாக எதுவும் இல்லை. வேறுபாடு முழுவதும் பதத்தில்தான். காயை ஆவியில் வேகவைத்து, நீரை ஓரளவு பிழிந்து, அரைத்து, டின்னில் அடைத்து மூடிய பிறகு மறுபடியும் அதிக வெப்பத்தில் வைத்து எடுக்கிறார்கள். இருமுறை வெந்த விழுது அது. டின்னைத் திறந்து தட்டில் கவிழ்த்தால், டின்னின் வளையங்கள் பக்கவாட்டில் பதிந்தபடியே சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்தத் தோற்றத்தை நம்பி, கெட்டியானது என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நீரே.

ஆகவே தங்கள் பக்கத்தில் இருந்த ‘டின் பூசணிப் பொரியல்’ எப்படி அச்சேறியது என்று எனக்கு விளங்கவில்லை. துண்டே இல்லாத ஒன்றைப் பொரியல் செய்ய இயலாது. சாம்பாருக்கும் இது ஆகாது. எங்கள் கடற்கரையில் நெத்திலிக் கருவாட்டோடு பூசணித் துண்டு போட்டு வைக்கும் புளிக்குழம்புக்கும் ஆகாது. புளியில் வெந்தும் உருக்குலையாத துண்டு கருவாட்டின் உப்பை ஏற்றுக்கொள்வதில்தான் அந்தக் குழம்பின் ருசி இருக்கிறது. அதற்கு வாரச்சந்தையில் ஒரு கீற்று வாங்குவதே முறை. மசித்துச் சேர்க்கும் பண்டம் எதுவோ அதற்கே டின் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

அடை அப்படிப்பட்ட பண்டம். புழுங்கலரிசி 200 கிராம், கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் 75 கிராம் வீதம், உளுந்து 25 கிராம் ஆகியவற்றை மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஏழெட்டுக் குண்டு மிளகாய், சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய் இருக்கும்போது நீட்டு மிளகாயை நான் சொல்ல மாட்டேன். பூசணியின் தித்திப்புக்கு எதிர்நின்று பேசக் கூடிய காரம் குண்டு மிளகாயில்தான் உள்ளது. அரைக்கும்போது தண்ணீரை வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத் தெளித்து, மாவைக் கையால் அள்ளும் பதத்தில் எடுத்து, அதன் பின்னரே 150 கிராம் விழுதைச் சேர்த்துக் கலக்க வேண்டும். தங்கள் குறிப்பில் உள்ளபடி முதலிலேயே தண்ணீர் விட்டு நெகிழ அரைத்துவிட்டு விழுதைக் கொட்டினால், பிறகு அரிசி மாவு தூவித் தூவிச் சரிசெய்வதிலேயே காலை கழிந்துவிடும். சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை அவரவர் விருப்பம். கல் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். பூசணியில் இயற்கையாகவே சர்க்கரை இருப்பதால் தீ அதிகமானால் உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். நடுவில் துளையிட்டு நல்லெண்ணெய் விட்டு, ஓரம் தானாகக் கல்லை விட்டு எழும்வரை பொறுத்திருந்து திருப்பினால் முறுகலாக வரும்.

மீதி 275 கிராம் விழுதில் தேங்காய்ப் பால் ஆணம், அதாவது குழம்பு, வைக்கலாம். ஒரு தேங்காயின் இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் போட்டு வெந்ததும், விழுதைச் சிறிது பாலில் தனியே கரைத்து ஊற்ற வேண்டும்; கட்டியாக அப்படியே போட்டால் அடியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். கொதிக்கும்போது சேறு கொப்பளிப்பதுபோல் கொப்பளித்துக் கையில் தெறிக்கும், ஆகையால் மூடியை அரைவாசி மூடிவைப்பது நல்லது. பத்து நிமிடம் கழித்து முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட்டு, கடுகு, கறிவேப்பிலையோடு மாசி எனப்படும் உலர்ந்த சூரை மீனின் தூள் ஒரு கரண்டியையும் எண்ணெயில் பொரித்துக் கொட்டினால், அந்தப் புகை மணத்தில் டின்னின் வாடை இருந்த இடம் தெரியாது. மாசி சேர்க்காதவர்கள் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். இடியாப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

இனிப்புக்கு வருவோம். தங்கள் அல்வாக் குறிப்பில் நெய்யும் சர்க்கரையும் விழுதும் ஒரே நேரத்தில் வாணலியில் இறங்குகின்றன. நீர் வற்றாத விழுதில் சர்க்கரை விழுந்தால் மேலும் இளகும். பிறகு எவ்வளவு நெய் விட்டாலும் கஞ்சிதான். 425 கிராம் விழுதை அடிகனமான வாணலியில் எதுவும் சேர்க்காமல் மிதமான தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வரை கிளற வேண்டும். ஆவி அடங்கி, கரண்டி போன தடம் மூடிக்கொள்ளாமல் திறந்தே நின்று, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்கு மாறிய பிறகே முதல் நெய். மொத்தம் 60 கிராம் நெய் போதும். 175 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எவ்வளவு நல்லதானாலும் மண்ணும், பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்புத் துகளும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அல்வாவில் பல்லுக்கு அடியில் நறுக்கென்று ஒன்று அகப்பட்டால் பண்டம் முழுவதும் பாழ். இறக்கும்போது சுக்கும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும். நிறம் கருமையாகத்தான் வரும். மஞ்சளாக வேண்டுவோர் சர்க்கரை போட்டுக்கொள்ளட்டும், எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாயசத்தில், கொதிக்கும் பசும்பாலில் கருப்பட்டியைப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பால் திரிந்துவிடும். விழுதையும் கருப்பட்டிப் பாகையும் சேர்த்துக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு தணிந்த பிறகு காய்ச்சி ஆறிய பாலைச் சேர்க்கலாம். எங்கள் பக்கத்தில் தேங்காய்ப் பாலே ஊற்றுவதால் இந்தத் தொல்லையே இல்லை. தேங்காய்ப் பாலில் கிண்டும் எங்கள் ஊர் இனிப்பான தொதலில் விழுதைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்க வேண்டாம் என்பேன். தேங்காய்ப் பாலின் நீர் முழுவதும் போய் எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டுவதால்தான் தொதல் பல நாள் வெளியிலேயே இருந்து கெடாமல் கடல் கடந்தும் போகிறது. அதில் ஈரப் பண்டம் ஒன்றைக் கலப்பது அந்த உழைப்பையே அழிப்பதாகும். கேக், சூப் பற்றித் தாங்கள் எழுதியவை சரியாகவே உள்ளன.

திறந்த டின்னை அப்படியே குளிர்பெட்டியில் வைக்காமல், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம். உப்பியிருக்கும் டின்னையும், திறக்கும்போது பீய்ச்சியடிக்கும் டின்னையும் ருசி பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

இனி, கட்டம் கட்டிய அந்த யோசனை. டின் விலை கட்டுபடியாகாதவர்கள் பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, பாட்டிலில் சூடாக ஊற்றி இறுக மூடி, கொதிநீரில் அரை மணி நேரம் வைத்தெடுத்தால் ஆண்டு முழுவதும் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அதில் உள்ளது. இது தவறு. எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருப்பது புளிப்பாலும் உப்பாலும். கருவாடு உப்பாலும் வெயிலாலும். தொதல் இனிப்பாலும் நீர் வற்றியதாலும். பூசணி விழுதில் இவற்றில் எதுவுமே இல்லை. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் உள்ள, ஈரமான உணவைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், ‘கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்’ என்னும் கிருமி அதில் வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்க இடமுண்டு. மண்ணில் சாதாரணமாகக் காணப்படும் இதன் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. அதனால்தான் ஆலைகளில் அழுத்தத்தின் கீழ் 121 டிகிரி அளவு வெப்பத்தில் கணக்கிட்ட நேரம் வைத்தெடுக்கிறார்கள். குக்கரில் வைத்தால் அந்த வெப்பம் கிடைக்காதா என்று கேட்கத் தோன்றும். விழுது தண்ணீரைப்போல் புரண்டு ஓடாமல் நிற்பதால் பாட்டிலின் நடுப்பகுதிக்கு வெப்பம் எப்போது எட்டும் என்று வீட்டில் கணிக்க வழியில்லை. வீட்டிலேயே பாட்டிலில் அடைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ள அமெரிக்காவிலேயே, அந்நாட்டு வேளாண் துறை பூசணித் துண்டுகளுக்கு மட்டும் வழிமுறை தந்துவிட்டு, மசித்த விழுதை வீட்டில் அடைக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. இந்த நஞ்சு கலந்த உணவு மணத்திலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம்.

விழுதைச் சேமிக்க வேண்டுமென்றால் சிறு சிறு டப்பாக்களில் உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். அதைவிட எளிது, முற்றிய முழுக் காயைக் காம்போடு வாங்கி, ஈரம் படாத காற்றோட்டமான இடத்தில் தரையில் படாமல் வைப்பது. தோலில் கீறல் இல்லாதவரை அது மாதக்கணக்கில் கெடாது. வேண்டும்போது வெட்டி, ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டு மசித்தால், மேலே சொன்ன அத்தனை பண்டங்களுக்கும் அதே அளவில் அப்படியே பயன்படும்.

எங்கள் பகுதி மகளிர் குழுக்களில் சிலர் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, நோன்புக் கால விற்பனைக்குப் பாட்டில்கள் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் அந்த யோசனையைத் திரும்பப் பெறுவதாக, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சமையல் குறிப்புகளுக்கான திருத்தம் அதன் பிறகு வந்தாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.