பினாங்கில் ஒரு பகல், ஆளுக்கு ஐம்பது ரிங்கிட்

நாகப்பட்டினம்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாலு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. கட்டு பிரித்ததும் முதலில் உன் மகளைப் பார்த்து "இளைச்சுட்டியே" என்றார்களாமே. அம்மா மாறவே இல்லை. இங்கே எல்லோரும் சுகம். மாடிக் கைப்பிடிச் சுவரில் உப்புக்காற்று அரித்த இடத்தை ஒருவழியாகப் பூசி முடித்தாயிற்று.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பல், பினாங்கில் ஒரு பகல் நிற்கும், கூடவே பதின்வயதுப் பிள்ளைகள் ஏழு பேர், கையில் அதிகம் பணம் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். போன வருஷம் நானும் தங்கையும் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அதே மாதிரிதான் போய் வந்தோம். மூத்தவனுக்குப் பதினேழு, கடைக்குட்டிக்குப் பதின்மூன்று.

முதலில் ஒன்று. கப்பலிலேயே கரைச் சுற்றுலா என்று விற்பார்கள். எங்களுக்குச் சொன்ன விலையை எட்டால் பெருக்கிப் பார்த்தேன், நாங்கள் சிங்கப்பூருக்குப் போய்வந்த விமானச் செலவில் பாதி வந்தது. பினாங்கில் அது தேவையே இல்லை, பாலு. பல துறைமுகங்களில் கப்பல் எங்கோ சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும், ஊருக்குள் போகவே தனியாகப் பேருந்து பிடிக்க வேண்டும். இங்கே ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி வாசலுக்கு வந்தால் எதிரிலேயே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 1897இல் ஒரு சீனச் செல்வந்தர் தன் செலவில் கட்டிக்கொடுக்க முன்வந்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்து லேசாகச் சாய்ந்திருக்கிறது. பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. சின்னவள்தான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இது கோணலா இருக்கே" என்றாள். அந்த இடத்தையே எல்லோரும் கூடும் இடமாக வைத்துக்கொண்டோம். எங்கே தொலைந்தாலும் "மணிக்கூண்டு" என்று கேட்டு வந்துவிடலாம்.

பணத்தை நான் கையில் வைத்துக்கொள்ளவில்லை. லிட்டில் இந்தியாவில் மாற்றிய உடனே ஆளுக்கு ஐம்பது ரிங்கிட் கொடுத்துவிட்டேன். ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். சாப்பாடு, தண்ணீர், படகு, பொம்மை எல்லாம் அதற்குள். மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "பெரியப்பா, இது வாங்கலாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு தங்களுக்குள்ளேயே கூடிக் கூடிக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு விலை, மாணவர்களுக்கு ஒரு விலை என்று போட்டிருக்கும் பலகைகளை மூத்தவன் தேடித் தேடிப் படித்தான். நீயும் இதைக் கட்டாயம் செய்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கே சட்டை நனைந்துவிடும், அப்படி ஒரு புழுக்கம். கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கட்டணம் உண்டு. நாங்கள் வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்துவிட்டுக் கடலோரத் திடலில் காற்று வாங்கினோம். 1786இல் ஆங்கிலேயனான பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியபோது சுற்றிலும் காடாம். மரம் வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக் காசை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டான், காசைத் தேடி வந்தவர்கள் காட்டை அழித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கோட்டையைவிட அந்தக் கதை போதுமானதாக இருந்தது.

அங்கிருந்து ஊருக்குள் நுழைந்தால் கால் போன பக்கமெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும். இந்தப் பழைய ஊரான ஜார்ஜ் டவுனை 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பழைய கடைவீடுகள், மேலே மர ஜன்னல், கீழே ஐந்தடி நடைபாதை. கால் ஓய்ந்தால் ஊர் நடுவில் சுற்றிவரும் கேட் பஸ் இருக்கிறது, கட்டணமே கிடையாது. படகுத்துறைப் பக்கத்திலிருந்து கிளம்பும்.

சுவரோவியங்களைப் பற்றி உன் மகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். 2012இல் எர்னஸ்ட் ஜகரேவிச் என்ற லித்துவேனிய ஓவியர் வரைந்தவை. ஆர்மேனியன் தெருவில் இருக்கும் சைக்கிள்தான் எல்லோரும் போகும் இடம். நான் அதை ஓர் ஓவியம் என்றே நினைத்துப் போனேன். கிட்டே போனால் சைக்கிள் நிஜம். துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பதித்து, அதன் மேல் ஓட்டும் அக்காவையும் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் தம்பியையும் வரைந்திருக்கிறார். சிரிப்பில் அந்தச் சிறுவனின் வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. மழையும் வெயிலும் பட்டுச் சாயம் வெளுத்து, காரை விரிசல் அவர்கள் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பின் இருக்கையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வதால் அந்த இடத்து இரும்பு மட்டும் கைபட்டு மின்னுகிறது. தங்கை மகனும் மகளும் வீட்டில் ஒரு நாள் கூடச் சண்டை போடாமல் இருந்ததில்லை. அங்கே நின்று, அந்த ஓவியத்தில் இருப்பது மாதிரியே அவன் இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தார்கள். தங்கை அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

மற்ற ஓவியங்களைத் தேடச் சொல்லி இரண்டிரண்டு பேராக அனுப்பினோம். ஒரு மணி நேரம், நாலு தெருவைத் தாண்டக் கூடாது, கூடும் இடம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வாசல். இது தவிர அந்தந்தத் தெருவின் கதையைச் சொல்லும் இரும்புக் கம்பிச் சித்திரங்கள் சுவர்களில் 52 இருக்கின்றன. அவற்றைத் தேடுவது பிள்ளைகளுக்குப் புதையல் வேட்டை மாதிரி. மூன்று ஜோடி நேரத்துக்கு வந்தது. நாலாவது ஜோடி பதினைந்து நிமிஷம் தாமதம். அந்தப் பதினைந்து நிமிஷம் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இன்னும் ஒரு சித்திரம் பாக்கி என்று கெனன் தெரு வரை போயிருக்கிறார்கள். உன் பிள்ளைகளிடம் கைக்கடிகாரம் கட்டச் சொல். போனை எடுத்தால் மணி பார்ப்பதில்லை, வேறு எதையோதான் பார்க்கிறார்கள்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் போன்கள் கப்பலில் இருக்கும் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கட்டணம் தனி. எங்கள் கூட்டத்தில் ஒருவன் டேட்டாவை அணைக்க மறந்து தூங்கிவிட்டான். ஊருக்குத் திரும்பியதும் வந்த பில்லைப் பார்த்து அவன் அப்பா இரண்டு நாள் பேசவில்லை. கப்பல் ஏறியதும் எல்லோருடைய போனையும் நீயே வாங்கி ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டுக் கொடு.

கூடும் இடம் என்றேனே, அந்தப் பள்ளிவாசல் இருக்கும் தெருவை ஒட்டியே புனித ஜார்ஜ் தேவாலயம் (1818), சீனர்களின் கருணைத் தேவி கோயில், நம் மகாமாரியம்மன் கோயில் (1833) எல்லாம் கூப்பிடு தூரத்தில் வரிசையாக இருக்கின்றன. பள்ளிவாசல் 1801இல் காதர் மொகைதீன் என்ற இந்திய முஸ்லிம் வணிகர் தொடங்கியது. எங்கும் பைசா கேட்கவில்லை. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தினால் போதும். மாரியம்மன் கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

பாலு, எனக்கு அந்த ஊரில் மறக்க முடியாதது எது என்று கேட்டால் சூலியா தெருவைச் சொல்வேன். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்களுக்கு அங்கே சூலியா என்று பெயர். அந்தத் தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் சின்னதாக ஒரு நாகூர் தர்கா. சுவரை ஒட்டியே கடைகள், கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். நாகூரிலிருந்து ஐந்து மைலில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெயரைப் படித்தபோது கால் நகரவில்லை. கப்பலேறியவர்கள் தங்களுக்குக் காவலாக நினைத்த ஆண்டவரின் பெயரை, போய் இறங்கிய கரையிலும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் போனவர். உனக்குச் சொல்லியிருக்கிறேன். நாகையில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டிருக்கும். படகில் போய்க் கயிற்றேணியைப் பிடிக்க வேண்டும். ஐந்தாறு நாள் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, சமுத்திர வாந்தியோடு பினாங்கில் இறங்கினாராம். மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் எட்டு வருஷம் வேலை. அவருடைய தகரப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. இதைத் தர்கா வாசலில் நின்று பிள்ளைகளிடம் சொன்னேன். வழக்கமாக நான் கதை சொன்னால் போனை எடுப்பவர்கள், மார்க்கெட் தெரு எங்கே என்று கேட்டார்கள். பக்கத்தில்தான். எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் எட்டுப் பேரும் தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு மளிகைக் கடை வாசலிலும் நின்று உள்ளே பார்த்துவிட்டு வந்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் காவடி மாதிரி சுமக்கும் கம்பு. அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகச் சுமந்து துறைமுகக் கூலிகளுக்கு விற்றது. கடையில் தமிழிலேயே பேசலாம். நாம் எடுக்கும் கறிக்கு ஏற்ப விலை, அதனால் தட்டில் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளச் சொல். பெரிய இறாலுக்குக் கைநீட்டியவன் ஐம்பதில் பாதியை அங்கேயே விட்டான். கோழியும் வெண்டைக்காயும் எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரிங்கிட்தான். "பஞ்சிர்" என்று சொல்லுங்கள். வெள்ளம் என்று அர்த்தம். எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். அப்புறம் பினாங்கு ரோட்டை ஒட்டிய சந்தில் செண்டோல்: தேங்காய்ப் பால், பனைவெல்லம், பச்சை நிறச் சேவை, மேலே துருவிய ஐஸ். நின்றுகொண்டே குடித்தோம். அந்த வெயிலுக்கு அது அமிர்தம்.

பினாங்கு மலை ரயில் பற்றிக் கேட்டிருந்தாய். அழகுதான், ஆனால் வெளிநாட்டவருக்கு விலை கூடுதல், கூட்டமும் அதிகம், ஊரிலிருந்து தூரம். ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடு.

சூ ஜெட்டிக்கு மூன்று மணிக்குப் போனோம். கடலுக்குள் கம்பு நட்டு அதன் மேல் கட்டிய சீனர்களின் வீடுகள். இப்படிப்பட்ட துறைக்குத்தான் ஜெட்டி என்று பெயர், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்கு உரியது. பலகைப் பாதையில் நடக்கும்போது இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் தெரியும். நுழையக் காசு இல்லை. ஆனால் அது மனிதர்கள் வாழும் இடம். ஒரு பாட்டி கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி போனைத் தூக்கினாள், தங்கை கையைப் பிடித்து இறக்கினாள். போகும் முன்பே சொல்லிக் கூட்டிப் போ. கூச்சல் வேண்டாம், வீட்டுக்குள் படம் எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதே. பக்கத்துப் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி போகிறது. தலைக்கு 2 ரிங்கிட், நாங்கள் வங்கி அட்டையைத் தட்டித்தான் உள்ளே போனோம். கால் மணி நேரப் பயணம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் ஏறுவார்கள். கப்பலுக்கு ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதால் மூன்றே முக்காலுக்கு ஏறி, அக்கரையில் இறங்கி உடனே அடுத்த படகில் திரும்பிவிட்டோம். நேரத்தை மட்டும் கவனித்துக்கொள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. கிளம்பும் நேரம் ஆறு என்றால் ஏற வேண்டிய நேரம் அதற்கு ஒரு மணி முன்னால், அட்டையில் போட்டிருப்பார்கள்.

திரும்பி வரும்போது எட்டுப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மலைக்குப் பின்னால் மேகம், கீழே பழைய ஊர், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக எங்கள் கப்பல். மூன்று நாளாக அதற்குள்ளேயே இருந்தும் அதன் முழு உருவத்தை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். மூத்தவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவோட கப்பல் இதுல எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனே தேடிப் பிடித்து, ரஜூலாவின் பழைய புகைப்படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டு. உங்கள் மாமா ஒருவரும் அதில் போனார் என்று முன்பு சொன்ன ஞாபகம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். கப்பல் தேதி உறுதியானதும் எழுது.

உன்
கணேசன்