தொப்பியில் ஒரு பிடி ரவை கூடுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) வாங்குவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கர்நாடக சங்கீதத்துக்குக் கதகதப்பாக ஒலிக்கும் வால்வு ஆம்ப்தான் (பழைய ரேடியோவில் இருந்தமாதிரி கண்ணாடிக் குழாய் வைத்தது) பொருத்தம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி யாராவது பணத்தைப் போடுவதற்குள் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் எட்டு வருஷம் மிருதங்கம் கற்றவன் நான். போன வருஷம் பெங்களூரில் ஒரு கடையில் இரண்டு ஆம்ப்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். வால்வு ஆம்பில் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் அடித்தொனி தரும் இடது பக்கம், நிறைந்து கேட்டது. உடனே வாங்கிவிட்டேன். ஒரு மாதம் சந்தோஷம்தான். அப்புறம் உறுத்த ஆரம்பித்தது. யார் வாசித்த கச்சேரியைப் போட்டாலும் தொப்பியில் ஒரு பிடி ரவை கூடுதலாக அப்பினமாதிரி இருந்தது. தொப்பியின் நாதம் கனக்க அதில் ரவைப் பசை அப்புவார்கள். ஒவ்வொரு வித்வானும் ரவையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி எடுத்து, தனக்கென்று ஒரு கும்கி (தொப்பியில் எழும் குழைந்த நாதம்) வைத்திருப்பார். என் ஆம்பில் எல்லோருக்கும் ஒரே கும்கி.

என் ஹெட்போன் சென்ஹைசர் எச்டி 600. 300 ஓம் என்று போட்டிருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது அடித்தொனியில், அதன் மின்தடை சுமார் 500 ஓமுக்கு ஏறும். ஆம்பின் வெளியீட்டுத் தடை (ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஆம்புக்கே உள்ள மின்தடை) 100 ஓம் என்றால், அந்த இடம் மட்டும் கிட்டத்தட்ட 1 டெசிபல் தூக்கிக்கொள்ளும். தடை 1 ஓமுக்கும் குறைவான ஆம்பில் இந்த வம்பு இல்லை. வால்வு தன் பங்குக்கு இரண்டாவது ஹார்மோனிக்கையும் சேர்க்கும். ஸட்ஜம் வாசித்தால் மேல்ஸட்ஜமும் சன்னமாகக் கூடவே வரும். இனிக்கத்தான் செய்யும், ஆனால் அது வித்வான் வாசித்ததில்லை.

கடையில் இரண்டின் ஒலியளவையும் யாரும் சமப்படுத்தவில்லை. கொஞ்சம் உரக்கக் கேட்பது பெரும்பாலும் நன்றாகவே தோன்றும். பிறகு நண்பரிடம் ஒரு தெளிவான ஆம்பை (தன் பங்குக்கு எதையும் கூட்டாதது) இரவல் வாங்கி, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியில் எடுத்த மல்டிமீட்டரால் இரண்டின் வோல்டேஜையும் சமமாக்கி, கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி மாற்றி மாற்றிப் போட்டார். தெளிவான ஆம்பில், தனியாவர்த்தனம் முடிவதற்குள் ரவை காய்ந்து தொப்பி இறுகுவதுகூடக் கேட்டது.

கதகதப்பு வேண்டுமென்றால் ஈக்வலைசரில் (அடித்தொனி, மேல்தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது அணைத்துவிடலாம். இனி ஆம்ப் பற்றி எழுதும்போது விலைக்குப் பக்கத்திலேயே வெளியீட்டுத் தடையையும் அச்சிடுங்கள். ஒலியளவைச் சமமாக்கித்தான் கேட்டீர்களா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு