பிரேக் டிஸ்க்கை லேத்தில் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கும் அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒன்று சொல்ல வேண்டும். முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் தேய்ந்து போனால் அதை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கொடுத்துச் சீவாதீர்கள். அளந்து பாருங்கள், அளவு குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

என்னுடையது 2008-ல் வாங்கிய 150 சிசி வண்டி. போன வருடம் முன் பிரேக் பிடித்தால் லீவர் விரலுக்கடியில் துடிக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் இரண்டும் பின்தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கில் உழுது போட்ட மாதிரி வரி வரியாகக் கோடு, நகத்தை வைத்தால் மாட்டுகிறது. புது டிஸ்க் வர நாளாகும், லேத்தில் ஒரு ஃபேஸிங் அடித்தால், அதாவது மேலே சீவி மட்டமாக்கினால் போதும் என்று பட்டறையில் சொன்னார்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. ஊருக்குள் ஓட்டிய வரை ஒரு குறையும் தெரியவில்லை.

அப்புறம் மனைவியோடு கொல்லிமலை போனேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் கருகல் வாடை வந்தது, இன்னும் சில வளைவுகளில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கைப்பிடியையே தொட்டுவிட்டது. முதல் கியருக்கு இறக்கி, பின் பிரேக்கை வைத்தே எப்படியோ ஓரம் கட்டினேன். டிஸ்க் நீலம் பாய்ந்து கிடந்தது. நன்றாக ஆறவிட்டு, மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஊர்ந்துதான் வந்து சேர்ந்தோம். அந்த நேரம் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். டிஸ்க்கின் ஓரத்திலேயே குறைந்தபட்சத் தடிமன் 3.5 மில்லிமீட்டர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது, இத்தனை வருடமாக என் கண்ணில் படவேயில்லை. புதிதாக இருக்கும்போது 4 மில்லிமீட்டர். என் டிஸ்க் ஒரு இடத்தில் 3.2, இன்னொரு இடத்தில் 3.1. மொத்தமே அரை மில்லிமீட்டர்தான் தேய இடம் இருக்கிறது, அதையும் தாண்டி லேத் தின்றுவிட்டது. தடிமன் போனால் சூட்டைத் தாங்க உலோகம் இல்லை, சூடு பேடை அழுத்துகிற காலிப்பருக்கு ஏறிப் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடுகிறது, லீவர் பஞ்சாவது அதனால்தான். அந்த ஆயிலையும் நான் வருடக்கணக்காக மாற்றவில்லை, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அது என் தப்பு.

காருக்குச் சீவுகிறார்களே என்று கேட்பார்கள். கார் டிஸ்க் வார்ப்பிரும்பு, தடிமனும் பல மடங்கு. பைக் டிஸ்க் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு, அதிலும் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் லேத் உளி ஒவ்வொரு ஓட்டையிலும் தட்டித் துள்ளும், தகடும் வளைந்து கொடுக்கும். திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவும்போது இரண்டு முகமும் ஒரே மட்டத்தில் வராமல் தடிமன் கூடிக் குறைந்துவிட்டால் பழைய துடிப்பு மறுபடி வந்து நிற்கும்.

அளக்கும்போது ஒரு விஷயம். வெர்னியரை அப்படியே வைத்தால் தேயாத வெளி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். பேட் உரசுகிற இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து, சுற்றி ஐந்தாறு இடத்தில் அளக்க வேண்டும். புது டிஸ்க் போட்டால் பேடும் புதிதாக இருக்கட்டும், முதல் கொஞ்ச தூரம் மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடுத்தாலும் அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது என் வண்டியில் லைட், ஹாரன், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார்கள், டிஸ்க்கை யாரும் பார்க்கவில்லை. அதையும் அளந்து படிவத்தில் எழுதச் சொல்லிப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. பழைய மாடல்களுக்கு அசல் டிஸ்க் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கவும் கம்பெனிகள் வழி செய்ய வேண்டும், அது கிடைக்காததால்தான் என்னைப் போன்றவர்கள் லேத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம்.